பின்கதவுக்கு எத்தனை பேர் தூரம்

அருமை மகள் வாயாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூன்று பேரும் கைகால் சுகத்தோடும், வாய் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்பை உடம்பாக வைத்திருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. புதுக் கண்ணாடியை மாட்டியதும் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு 'பழசே பரவால்லபோல' என்றார், அதற்காக இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை, பேசவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. தம்பி பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறான், இருக்கிறான் என்றால் படுத்திருக்கிறான். குளியலறைக் குழாய் சொட்டுகிறதே கொஞ்சம் பாருடா என்றதற்கு எழுந்து போய்ப் பார்த்தான், இப்போது அது சொட்டுவதில்லை, ஊற்றுகிறது. மாடி வீட்டு அத்தை உன்னை விசாரித்தாள். உன்னை மட்டுமல்ல, உன் சம்பளம், உன் அறையில் கூட இருப்பவள், அவளைப் பார்க்க வருகிறவன் எல்லாரையும் விசாரித்தாள். நாத்தனாராயிற்றே என்று நானும் பொதுவாகச் சொல்லி அனுப்பினேன், நீ போனில் ஜாக்கிரதையாகப் பேசு.

ஆறு வாரத்துக்கு முன் நீ போனில் ஒன்று சொன்னாய். இந்த ஊர்ல எனக்கு ஒரு ஆளையும் தெரியலம்மா என்று மூக்கை உறிஞ்சினாய், பிறகு நீயே சமாதானமாகி, உலகத்தில் எவராக இருந்தாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று போனால் ஆறு பேருக்குள் எட்டிவிடலாமாம், உன் ஆபீசில் யாரோ சொன்னார்கள் என்றாய். நான் 'ம்' போட்டேன். அந்த 'ம்' சும்மா போட்டதில்லை. அப்போது நானே ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன், அதை உன்னிடம் மறைத்திருந்தேன். சொன்னால் நீ அழுவாய், வேலையை விடு என்பாய், நான் விடமாட்டேன், போன் முழுக்க அதிலேயே போய்விடும். இப்போது காரியம் முடிந்துவிட்டதால் ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

எங்கள் லாண்டிரியை நீ வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாய். உள்ளே ஒரே கூடம், முப்பத்திநாலு பெண்கள். ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள், நடுவில் நீராவியில் சூடாகிற பெரிய உருளை, அதற்குள் ஈர விரிப்பை விட்டால் மறுபக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் வரும். விரிப்பை விட ஜோடியாக ஆள் வேண்டும். என் ஜோடி நெட்டை. ஒன்பது வருடமாக அவளுக்கு இரண்டு முனை, எனக்கு இரண்டு முனை, அவள் உயரத்துக்கும் என் உயரத்துக்கும் விரிப்பு எப்போதும் சரிவாகத்தான் போகும், அவள் குனிவாள், நான் எம்புவேன். இந்தக் கூடத்துக்கு முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு கதவு. பின்கதவைச் சில வருடத்துக்கு முன்னால் பூட்டிவிட்டார்கள். ஏன் என்று கேள். ஹோட்டல் துண்டு எண்ணிக்கை குறைந்ததாம், யாரோ அந்த வழியாகக் கொண்டுபோகிறார்களாம். துண்டைப் பாதுகாக்க மனுஷிகளைப் பூட்டினார்கள். துண்டுக்காவது நம்பர் தைத்திருக்கிறது, காணோம் என்றால் தேடுவார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் நீராவிக் குழாயின் இணைப்பு ஒன்று பிடுங்கிக்கொண்டது. ஒரு நொடியில் கூடம் முழுக்க வெள்ளை, என் கையே எனக்குத் தெரியவில்லை. குழாய் இருந்தது வாசல் பக்கம், அதனால் எல்லாரும் பின்கதவுக்கு ஓடினோம், அடித்தோம், உதைத்தோம், தோளால் முட்டினோம், அது அசையவில்லை. சாவி வைத்திருக்கிற சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் ஈர விரிப்புகளைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்த வழியே அந்த நீராவிக்குள் திரும்பி ஓடித்தான் வெளியே விழுந்தோம். யாரும் சாகவில்லை. நெட்டையின் இடது கை முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வெந்துபோயிற்று. எனக்கு ஒன்றுமில்லை, சத்தியமாக ஒன்றுமில்லை, குள்ளமாக இருப்பதில் அன்றைக்கு ஒருநாள்தான் லாபம் கிடைத்தது.

அடுத்த நாள் குழாயைச் சரிசெய்தார்கள். கதவைத் திறக்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டோம். இடுப்பில் அறுபது சாவி தொங்கவிட்டுக்கொண்டு கோயில் மாடு மாதிரி சலங்கைச் சத்தத்தோடு நடப்பார், அதனால் நாங்கள் வைத்த பேர் சாவிக்கொத்து. 'மேல சொல்லிருக்கேன்மா' என்றார். மேல என்றால் யாரு சார், மேல தண்ணித் தொட்டிதான் இருக்கு என்றேன். முறைத்தார். மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தோம், அவரும் மேலே சொல்லியிருக்கிறாராம். பாதுகாப்பைப் பார்க்கிற சர்க்கார் பரிசோதனைக்காரர்கள் வந்தார்கள். அன்றைக்குக் காலையிலேயே பின்கதவுக்கு முன்னால் மடித்த விரிப்புகளைக் கூரைவரை அடுக்கச் சொன்னார்கள், அடுக்கியதும் நாங்கள்தான், வெட்கக்கேடு. வந்தவர்கள் டீ குடித்தார்கள், கதவு கண்ணில் படவில்லை, படாத கதவைப் பற்றி யார் எழுதுவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கோபத்தில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒன்று புரிந்தது. இந்த மேலே என்கிற ஆள் யாரென்று எங்கள் முப்பத்திநாலு பேரில் ஒருத்திக்கும் தெரியாது. முதலாளியை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

பார்த்ததில்லையே தவிர, எனக்கு அவரை நன்றாகத் தெரியும், அதுதான் வேடிக்கை. வருகிற துணி எல்லாவற்றுக்கும் ஓரத்தில் நம்பர் இருக்கும், எந்த ஹோட்டல், எந்த ஆஸ்பத்திரி என்று. வியாழக்கிழமை தோறும் நம்பர் இல்லாத ஒரு மூட்டை வரும், அதை உருளையில் விடக்கூடாது, கையால் தேய்க்க வேண்டும், அது முதலாளி வீட்டுத் துணி என்று வேன் டிரைவர் என்றைக்கோ சொல்லியிருக்கிறார். ஒன்பது வருடமாக அதைத் தேய்க்கிறவள் நான். மனிதர் கட்டிலின் இடது பக்கம் படுப்பார், இரண்டு தலையணை வைப்பார், படுத்துக்கொண்டே காப்பி குடித்துச் சிந்துவார், கொஞ்ச நாளாக முதுகு படுகிற இடத்தில் எண்ணெய்க் கறை. சொந்தக்காரருக்குக்கூட இவ்வளவு தெரியாது. நீ சொன்ன கணக்கு நினைவுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு பேர் எதற்கு, அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தலையணை உறைதானே. உடனே ஒரு தாளில், ஐயா, உங்கள் லாண்டிரியின் பின்கதவு பூட்டியிருக்கிறது, திறக்காவிட்டால் ஒருநாள் நாங்கள் வெந்து சாவோம் என்று எழுதி, நாலாக மடித்து, தேய்த்த உறைக்குள் வைத்து அனுப்பினேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அடுத்த வியாழக்கிழமை மூட்டை வந்தது, துவைத்தார்கள், தேய்க்க எடுத்தால் உறைக்குள்ளே வெள்ளை வெள்ளையாகக் கூழ். என் கடிதம். அந்த வீட்டில் யாரோ உறையைப் பிரித்துப் பார்க்காமலே தலையணையில் மாட்டியிருக்கிறார்கள், முதலாளி ஒரு வாரம் என் கடிதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கியிருக்கிறார், பிறகு அது அழுக்கோடு திரும்பி வந்து எங்கள் மெஷினிலேயே சோப்புப் போட்டுத் துவைபட்டிருக்கிறது. துணியில ஏது காகிதம் என்று சாவிக்கொத்து எல்லாரையும் திட்டினார். கட்டுப் போட்ட கையோடு ஓரமாகத் துண்டு எண்ணிக்கொண்டிருந்த நெட்டை விழுந்து விழுந்து சிரித்தாள், 'உன் லெட்டருக்கு நல்ல வெளுப்புடி' என்றாள்.

எழுத்து வேண்டாம், வாயால் சொல்வோம் என்று அடுத்ததாக வேன் டிரைவரைப் பிடித்தேன். அவர் மூட்டையை முதலாளி வீட்டு கேட்டில் காவல்காரரிடம் கொடுப்பார், காவல்காரர் சமையல்காரம்மாவிடம் கொடுப்பார், அந்தம்மா முதலாளியின் மனைவியோடு தினம் பேசுகிறவள். நான் டிரைவரிடம் சொன்னது இதுதான், கதவைத் திறக்கச் சொல்லுங்கண்ணே, இல்லேன்னா செத்துப்போவோம். சரிம்மா, கட்டாயம் சொல்றேன் என்று போனார். பத்து நாள் கழித்து மேலேயிருந்து பதில் வந்தது. என்ன தெரியுமா, இரண்டு பழைய ஃபேன். முதலாளியம்மா தன் வீட்டிலிருந்து கொடுத்து அனுப்பினார்களாம், சாவிக்கொத்து அதைப் பூட்டிய கதவுக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி மாட்டிவைத்தார். டிரைவரை நிறுத்தி, என்னண்ணே சொன்னீங்க என்று கேட்டேன். சாவுன்னெல்லாம் எப்படிம்மா சொல்றது, கதவு பூட்டியிருக்கறதால பொம்பளைங்க சிரமப்படறாங்கன்னு சொன்னேன் என்றார். மற்றதையும் அவரே விசாரித்து வந்து சொன்னார். காவல்காரர் யோசித்திருக்கிறார், கதவைப் பற்றி நாம் பேசினால் கேட்டைப் பற்றி நம்மைக் கேட்பார்கள் என்று, அதனால் சமையல்காரம்மாவிடம், அங்க காத்து வரலியாம் என்றிருக்கிறார். அந்தம்மா முதலாளியம்மா நல்ல மனநிலையில் இருக்கிற நேரம் பார்த்து, பாவம் புழுக்கமா இருக்காம் என்றிருக்கிறாள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை மகளே. ஆளுக்கு ஒரு சிட்டிகை பயம், அந்தப் பயத்தின் அளவுக்கு ஆளுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை. என் சாவு மூன்று வாய் தாண்டுவதற்குள் புழுக்கமாகிவிட்டது. இந்த ஆறு பேர்க் கணக்கைக் கண்டுபிடித்தவர்கள் ஆளைத்தான் எண்ணினார்களே ஒழிய, ஒவ்வொரு ஆளுக்கும் தன் சோற்றைப் பற்றி எவ்வளவு பயம் என்று எண்ணவில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன் வழியாக மேலே ஏறுகிற எந்த வார்த்தையும் முழுசாகப் போய்ச் சேராது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அன்றைக்கு விரிப்பை அடுக்கியவளும் நான்தானே.

வசவு மட்டும் எவ்வளவு பத்திரமாகப் போய்ச் சேருகிறது பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் உன்னைக் கேட்டு ஒரு அம்மா வந்தாள், ஞாபகம் இருக்கும், கூட வந்த பையன் ஒன்றரை மணி நேரத்தில் 'தண்ணி' என்ற ஒரே ஒரு வார்த்தை பேசினான். நீ வேண்டாம் என்றாய், சரி. நான் அத்தோடு விடாமல் அத்தையிடம், அந்தப் பையன் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள என் பொண்ணுக்கு நரை விழுந்துடும் என்றேன். அத்தை முடி வெட்டுகிற கடையில் சொல்லி, அங்கே வெட்டிக்கொள்ள வந்தவள் பையனின் பெரியம்மாவிடம் சொல்லி, பெரியம்மா தன் தங்கையான அந்தம்மாவிடமே சொல்லி, மறுநாள் மத்தியானத்துக்குள் போய்விட்டது. அதில் ஒருத்தியும் சர்க்கரை போடவில்லை, ஆளுக்கு ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டிருக்கிறார்கள், போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு மூளையே இல்லையென்று நான் சொன்னதாக ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்தம்மா தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுவாள். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஒரு வியாழக்கிழமை முதலாளியின் விரிப்பைத் தேய்க்கும்போது அந்த எண்ணெய்க் கறையிலிருந்து சூட்டுக்கு வாசனை கிளம்பியது. கற்பூரமும் கிராம்பும், அடியில் வேறு ஏதோ ஒரு கசப்பு. உன் அப்பா இடுப்பு பிடித்துக்கொண்டபோது பூசாத தைலமில்லை, இது அதில் எதுவுமே இல்லை. ஒரு கைக்குட்டையை அந்தக் கறையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு நேராக முனை மருந்துக்கடைக்குப் போனேன். மருந்துக்கடை அண்ணன் முகர்ந்தார், சிரித்தார். 'இது கடையில கிடைக்காது. நம்ம முதுகு டாக்டரம்மா தானே காய்ச்சி, அவங்ககிட்ட வர்றவங்களுக்கு மட்டும் பூசறது' என்றார். முதுகு டாக்டரம்மா என்று தெரு கூப்பிடுகிறதே தவிர அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபி படித்தவள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறையில் வைத்து நடத்துகிறாள். அவள்தான் அந்தப் பையனின் அம்மா.

ஆக எனக்கும் முதலாளிக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒருத்தி, அவள் வாயை நானே இரண்டு வருடத்துக்கு முன்னால் பூட்டிவைத்திருக்கிறேன். மூன்று நாள் போகவில்லை. போவதா வேண்டாமா என்று அப்பாவைக் கேட்டேன், போயேன், அடிச்சாலும் அங்கயே வைத்தியம் இருக்கு என்றார். நாலாவது நாள் நெட்டை கட்டைப் பிரித்துவிட்டு உருளை வேலைக்குத் திரும்பி வந்தாள். சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டிருந்தாள், விரிப்பின் முனையை எடுக்க விரல் மடங்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாயால் கவ்விக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே போய்விட்டேன். உள்ளே நுழைந்ததும் அந்தம்மா தலையை நிமிர்த்திப் பார்த்து, 'வாங்க வாங்க, ஆகாத சம்பந்தி' என்றாள். காத்திருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். 'என்ன, பொண்ணுக்கு நரை விழுந்துடுச்சா?' நான் நின்றுகொண்டே, சொன்னது தப்புதான், சொன்னதைவிட அதிகமா உங்ககிட்ட வந்துச்சு, ஆனா சொன்னதே தப்பு என்றேன். அவள் ஒரு ஆளின் கழுத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினாள், அது 'டக்' என்றது. பிறகு உள்ளறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, சொல்லு, எங்க வலி என்றாள். வலி எனக்கில்லை என்று நெட்டையின் கையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில்கூட அவள் 'அச்சச்சோ' போடவில்லை, அது எனக்குப் பிடித்தது. முடித்ததும், நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் என்றேன். மாட்டேன் என்றாள் பளிச்சென்று. 'நான் எதுக்குச் சொல்லணும்? நான் சொன்னா நானும் கொஞ்சம் நாசூக்காத்தான் சொல்லுவேன், அவரும் என் வாடிக்கையாச்சே. செவ்வாக்கிழமை அஞ்சு மணிக்கு வருவார். நீ அஞ்சேகாலுக்கு வா. நீயே சொல்லு. குப்புறப் படுத்திருக்கறவன் எழுந்து ஓட முடியாது.' போகும்போது போனை எடுத்து ஒரு படம் காட்டினாள், அந்தப் பையனுக்குக் கல்யாணமாகி இரட்டைக் குழந்தையாம், இப்போது நிறையப் பேசுகிறானாம், நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துகிறானாம். குழந்தைகள் அழகு. உன்மேல் அவளுக்கு வருத்தமில்லை, என்மேல் பாதி இருக்கிறது, அது போதும்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ராத்திரி எட்டு வரைக்கும் வேலை, நடுவில் அனுமதி வாங்கிக்கொண்டு சொன்ன நேரத்துக்குப் போனேன். அந்த அறையில் ஒரு உயரமான மேசை, தலைப் பக்கம் முகம் வைக்க ஒரு ஓட்டை. மேசைமேல் ஒரு பெரிய வெள்ளை முதுகு. ஒன்பது வருடம் வெறும் கறையாகப் பார்த்ததை ஆளாகப் பார்த்தேன். அவர் முகம் ஓட்டைக்குள்ளே போய்விட்டதால் பிடரிதான் தெரிகிறது, பிடரியைப் பார்த்து என்ன பேசுவது. சட்டென்று தரையில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் நகர்ந்து அண்ணாந்து பார்த்தேன். கன்னம் இரண்டும் பிதுங்கி, சிவந்து, முதலாளி என்னைப் பார்த்து அலறினார். டாக்டரம்மா முதுகில் கட்டை விரலை ஊன்றி, அசையாதீங்க, நரம்பு பிசகிடும் என்றாள். 'யாரும்மா நீ?' என்றார். உங்க தலையணை உறை தேய்க்கறவ என்றேன். சொல்ல வந்ததைச் சர்க்கரை போடாமல், மிளகாயும் போடாமல் சொன்னேன். துண்டு, பூட்டு, நீராவி, நெட்டையின் கை, அடுக்கிய விரிப்பு, தலையணைக்குள் வைத்த கடிதம், இரண்டு ஃபேன். எனக்கு யாரும் சொல்லலையே என்றார். உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் ஊர்ல ஒருத்தரும் இல்லையே, அப்படித்தானே வச்சிருக்கீங்க என்றேன். வாய் தானாக வந்துவிட்டது, உன் அம்மாதானே. அவருடைய மூக்கிலிருந்து ஒரு சொட்டு வியர்வை என் நெற்றியில் விழுந்தது. பிறகு, விசாரிக்கிறேன் என்றார். விசாரிக்க வேணாம், போன் போடுங்க, நான் இருக்கும்போதே போடுங்க என்றேன். டாக்டரம்மா மாட்டியிருந்த அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மேனேஜருக்குப் போட்டு என்னிடம் நீட்டினாள், நான் மேசைக்கு அடியிலிருந்து அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். அவர் மேனேஜரிடம் சொன்னது ஒரே வரி, அந்தப் பின்கதவைக் கொஞ்சம் பாருப்பா.

கீழே இறங்குகிற வார்த்தைக்கு என்ன வேகம் என்கிறாய். அந்தக் 'கொஞ்சம் பாரு' மேனேஜரிடமிருந்து புறப்படும்போது 'இன்னிக்கே திறக்கணும்' ஆகி, சாவிக்கொத்திடம் வரும்போது 'திறக்கலேன்னா நீ வீட்டுக்குப் போ' ஆகியிருக்கிறது. நான் பஸ் பிடித்து லாண்டிரிக்குத் திரும்பி வருவதற்குள் சாவிக்கொத்து அந்தக் கதவுக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சாவியாக விட்டுப் பார்க்கிறார். பத்து, இருபது, முப்பது. நாங்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றோம், முதலில் கிண்டல் செய்தோம், சார் தேன் தடவிப் பாருங்க என்று ஒருத்தி, மந்திரம் போடுங்க என்று ஒருத்தி. நாற்பது தாண்டியதும் சிரிப்பு அடங்கியது. அறுபது சாவியும் முடிந்தது. அந்தக் கதவின் சாவி அந்தக் கொத்தில் இல்லவே இல்லை. என்றைக்குத் தொலைந்ததென்று அவருக்கே தெரியாது. அன்றைக்கு அவர் சாப்பிடப் போகாமல் எங்களோடு உள்ளேயே இருந்திருந்தாலும் கதவு திறந்திருக்காது, அவரும் எங்களோடு வெந்திருப்பார். இதை முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், நெட்டைதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அந்தக் கையாலேயே. பூட்டை அறுக்கிறவரை வரவழைத்தார்கள், பத்து நிமிடம் பொறி பறந்தது, கதவு கிறீச்சென்று பாதிவரை போய் நின்றது. வெளிப்பக்கம் உடைந்த தள்ளுவண்டிகளைக் கதவோடு ஒட்டிக் குவித்து வைத்திருந்தார்கள். பூட்டு இல்லாமலிருந்தாலும் போயிருக்க முடியாது. அவற்றையும் நாங்களே இழுத்துப் போட்டோம், அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கதவில் பூட்டுப் போடும் வளையமே இல்லை, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கம்பி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு வழக்கமும் வைத்துவிட்டோம், காலையில் வேலை தொடங்குமுன் யாராவது ஒருத்தி போய்த் தள்ளி வெளியே போய், சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்து, திறக்குது என்று சத்தம் போட வேண்டும், அப்புறம்தான் மெஷின் ஓடும். நேற்று அந்த முறை சாவிக்கொத்து, தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். நெட்டையின் வைத்தியச் செலவை லாண்டிரி ஏற்க வேண்டுமென்று முப்பத்திநாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம், மேனேஜர் இந்தத் தடவை மேலே சொல்கிறேன் என்று சொல்லவில்லை, பயந்துபோய் வாங்கி வைத்திருக்கிறார். டாக்டரம்மா நெட்டையின் விரலுக்கு வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறாள், கூலி கேட்டால், ஆகாத சம்பந்தி வந்து என் ஜன்னல் திரையெல்லாம் தேய்ச்சுத் தரட்டும் என்கிறாள். தேய்த்துக்கொண்டிருக்கிறேன், எத்தனை திரை வைத்திருக்கிறாளோ, முடிகிற பாடில்லை.

ஒரு ஆளையும் தெரியாது என்று இனி அழாதே. உன் மேசையைத் துடைக்கிறவள் யார், உன் லிஃப்டை இயக்குகிறவர் யார், அவர்களிடம் முதலில் பேர் கேட்டுப் பேசு. பெரிய ஆளைத் தேடி ஓடாதே, தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் துடைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். உனக்கு ஒன்று வேண்டுமானால் யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாதே, நடந்துபோய் முகத்தைப் பார்த்துச் சொல், முகம் தெரியாவிட்டால் தரையில் உட்கார்ந்தாவது பார். பதினோராவது மாடியில் வேலை செய்கிறாய். நீ நூறு வருடம் நல்லா இருக்க வேண்டும், நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, உனக்குப் பிடித்தவனை, வாய் பேசுகிறவனோ பேசாதவனோ, நீயே பார்த்துக் கட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் சிரித்த முகமாக வந்து நிற்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு, அவர் பக்கத்தில்தான் இருக்கிறார், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் எழுதுவதை ஒட்டுப் பார்க்கிறார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே ஒரு காரியம் செய். உன் ஆபீசில் நெருப்பு பிடித்தால் இறங்குகிற படிக்கட்டுக் கதவு எங்கே இருக்கிறதென்று கேட்டு, அங்கே போய், கையை வைத்துத் தள்ளு. பதினோரு மாடியும் இறங்கிக் கீழே தெருவரைக்கும் போ. அது எப்பவும் திறந்துதாம்மா இருக்கும், எல்லாரும் சொல்றாங்க என்று எனக்குப் பதில் எழுதாதே. நீ தள்ளினாயா, அது திறந்ததா, அதை மட்டும் எழுது.

உன் பதிலுக்காகக் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்,
உன் அம்மா